பார்க்காத தோட்டத்தை எழுதியவர்

1935இல் ‘மணிக்கொடி’யில் புதுமைப்பித்தனின் ‘துன்பக்கேணி’ வெளிவந்தபோது, மலாயாவின் நெகிரி செம்பிலானில் பால்வெட்டுக்கு ஒரு தலைமுறை வயதாகிவிட்டது. சிரம்பான், ரந்தாவ், லிங்கி, போர்ட்டிக்சன் என்று எங்கு திரும்பினாலும் ரப்பர்தான். விடியுமுன் பெரட்டு என்ற ஆள்கணக்கெடுப்பு, பிறகு உளியோடு வெட்டுக்காடு, வெயில் ஏறியதும் மங்குகளிலிருந்து பால் எடுத்து நிறுவைக்கு நடை. இத்தனை பேர் வாழ்ந்த அந்த வாழ்க்கையைத் தமிழில் கதையாக்கியவர்கள் மிகக் குறைவு.

‘துன்பக்கேணி’யில் வருவது இலங்கைத் தேயிலைத் தோட்டம். ஆனால் ஆசை காட்டி அழைத்துப்போகும் கங்காணியும், பெண்ணின் உடம்பைத் தன் சொத்தாக நினைக்கும் மேலாளும் லிங்கி லயத்துக்கும் புதியவர்களல்ல. வாசவன்பட்டிச் சேரியிலிருந்து கப்பலேறும் மருதி அங்கே நோயோடு மிஞ்சுகிறாள்.

இதை எழுதியவர் இலங்கைக்குப் போனதில்லை!

இப்படி ஒருவர் அமெரிக்காவிலும் இருந்தார். அங்கே உள்நாட்டுப் போர் முடிந்தது 1865இல். ஸ்டீபன் கிரேன் பிறந்தது 1871இல். பழைய படைவீரர்களின் குறிப்புகளைப் படித்தே, களத்தைவிட்டு ஓடும் இளஞ்சிப்பாயின் பயத்தை ‘தி ரெட் பேட்ஜ் ஆஃப் கரேஜ்’ நாவலாக்கினார். அது 1895இல் நூலானது. நிஜப் போரை அவர் கண்டது அதற்கும் இரண்டாண்டு கழித்து, கிரேக்க–துருக்கிப் போருக்குச் செய்தியாளராகப் போனபோதுதான். 1900இல் ஜெர்மனியின் பாடன்வைலரில் காசநோய் அவரைக் கொண்டுபோனது. வயது 28.

புதுமைப்பித்தனுக்கும் காசநோய்தான். ‘ராஜமுக்தி’ படவேலைக்காகப் புனே போனவர் உடல் முறிந்து திரும்பி, 1948 ஜூன் 30இல் திருவனந்தபுரத்தில் இறந்தார். வயது 42.

இரண்டு பேரில் கிரேன்தான் காணாததைக் கண்முன் நிறுத்துவதில் கெட்டிக்காரர் என்று தோன்றுகிறது. ‘துன்பக்கேணி’யில் ஊர் உயிரோடிருக்கிறது, தோட்டமோ கேள்விப்பட்டவர் எழுதிய தோட்டமாகவே நிற்கிறது. மேலாளின் அக்கிரமம் தெரிகிற அளவுக்குக் கொழுந்து பறிக்கும் கை தெரியவில்லை. அந்தக் கையை, மலாயாவில் என்றால் உளி பிடித்த கையை, உள்ளிருந்து எழுத ஆள் வரவேண்டியிருந்தது.

அதற்கான பயிற்சி 1950இல் தொடங்கியது. ‘தமிழ் நேசன்’ நாளிதழில் சுப. நாராயணனும் பைரோஜி நாராயணனும் ‘கதை வகுப்பு’ நடத்தினார்கள். அடுத்த ஆண்டே மலாயா, சிங்கப்பூர் ஏடுகளில் புதுமைப்பித்தனை வைத்துப் பெரும் சண்டை மூண்டது. அவர் மேதையா, வெறும் புகழ்ச்சியா என்று 1952 வரை இழுத்தது. இறந்து மூன்றாண்டான எழுத்தாளருக்காகக் கடல் கடந்த தமிழர்கள் இப்படி மல்லுக்கட்டியது சாதாரணமல்ல.

சண்டை ஓய்ந்த கொஞ்ச காலத்தில் ‘தமிழ் நேசன்’ ஆசிரியர் குழுவுக்குக் கு. அழகிரிசாமி வந்து சேர்ந்தார். கோலாலம்பூரில் இலக்கிய வட்டம் கூட்டி, உள்ளூர்க்காரர்களின் கதைகளை வரிவரியாக அலசினார். அவருக்கும் ஆயுள் நீளவில்லை. 1970இல், 46 வயதில் காலமானார். அவருடைய ‘அன்பளிப்பு’ தொகுப்புக்குச் சாகித்ய அகாதமி விருது வந்தது அதற்குப் பிறகுதான்.

(தொடரும்)