பெயர் பொறிக்கப்படாத பணி

பங்கின் ஜூபிலி என்பது கடந்துவந்த வழியைத் திரும்பிப் பார்க்கும் காலம். ஆலயத்தைக் கட்டியவர் யார், மணி வாங்கித் தந்தவர் யார், கொடிமரம் யாருடைய உபயம் என்றெல்லாம் எழுதி வைக்கிறோம். நன்றி மறவாமை நல்ல பண்பே. ஆயினும் திருச்சபையின் வரலாறு கல்வெட்டுகளில் அடங்கிவிடுவதில்லை. தம் பெயரைத் தேடாமலே ஒரு நாட்டின் திருச்சபைக்குப் புத்துயிர் அளித்த குருவானவர் ஒருவரின் சரித்திரத்தை இம்மலரில் நினைவுகூர்வது பொருத்தமாகும். அவரே இலங்கையின் அப்போஸ்தலர் என்று போற்றப்படும் புனித யோசேப்பு வாஸ் அடிகளார்.

1651-ம் ஆண்டு கோவாவில் பிறந்த அவர் 1676-ல் குருப்பட்டம் பெற்றார். மறு ஆண்டே, தம்மை மரியன்னையின் அடிமை என்று சாசனம் எழுதி ஒப்புக்கொடுத்தார். 1685-ல் கோவாவில் ஒரட்டோரியன் சபைக் குருக்கள் அவரைத் தங்கள் தலைவராகத் தேர்ந்துகொண்டனர். அடுத்த ஆண்டே அந்தப் பொறுப்பைத் துறந்து புறப்பட்டார். எங்கே? குருக்களே இல்லாத இலங்கைக்கு.

1658-ல் யாழ்ப்பாணத்தைக் கைப்பற்றிய டச்சுக்காரர் கத்தோலிக்கக் குருக்களை அங்கிருந்து விலக்கியிருந்தனர். குருவானவராக அங்கே கால்வைக்க முடியாது. எனவே அடிகளார் தூத்துக்குடி வழியாக, 1687-ல், ஓர் ஏழைக் கூலியாளின் கோலத்தில் போய்ச் சேர்ந்தார். கடும் வயிற்றுக்கடுப்பு அவரைச் சாவின் விளிம்புவரை கொண்டுபோனது. பிழைத்தெழுந்து, தமிழ் பயின்று, சில்லாலைக் கிராமத்தில் தங்கி, இரவில் வீடு வீடாகச் சென்று திருப்பலி நிறைவேற்றினார். பகலில் அவர் ஒரு பிச்சைக்காரர், இரவில் குருவானவர்.

1692-ல் கண்டி சென்றபோது, போர்த்துக்கேயரின் உளவாளி என்ற ஐயத்தால் சிறையில் அடைக்கப்பட்டார். காலப்போக்கில் மன்னர் இரண்டாம் விமலதர்மசூரியனின் நன்மதிப்பைப் பெற்றார். 1697-ல் அங்கே அம்மை நோய் பரவியது. உறவினரே நோயாளிகளைக் கைவிட்டு ஓடியபோது, அடிகளார் சாதி மத பேதம் பாராமல் அவர்களுக்குப் பணிவிடை செய்தார். இறந்தோரை அடக்கம் செய்தார்.

இங்கே ஒரு கேள்வி எழலாம். அவர் மறைந்து வாழ்ந்தது ஆபத்துக்கு அஞ்சித்தானே, அதில் தாழ்ச்சி எங்கே? விடை பின்னர் கிடைத்தது. திருத்தந்தையின் தூதராகத் தூர்னோன் ஆண்டகை 1703-ல் புதுச்சேரி வந்திறங்கினார். யோசேப்பு வாஸ் அடிகளாரை இலங்கையின் அப்போஸ்தலிக்க விகாராக உயர்த்த அவர் விரும்பினார். அப்போது அடிகளார் கண்டி மன்னரின் பாதுகாப்பில் இருந்தார். மறைய வேண்டிய தேவை இல்லை. இருந்தும், சாதாரண மறைப்பணியாளராகவே இருக்க விழைந்து அந்தப் பதவியை மறுத்துவிட்டார். முன்பு டச்சுக்காரருக்கு மறைந்திருந்தவர், இப்போது புகழுக்கு மறைந்துகொண்டார்!

1711 ஜனவரி 16-ம் நாள் கண்டியில் இறைவனடி சேர்ந்தார். அவர் கல்லறை இருந்த இடம் இதுதான் என்று இன்று உறுதியாகச் சுட்டிக்காட்ட இயலவில்லை. 1995-ல் திருத்தந்தை இரண்டாம் யோவான் பவுல் அவரை முத்திப்பேறு பெற்றவராகவும், 2015 ஜனவரி 14-ம் நாள் திருத்தந்தை பிரான்சிஸ் புனிதராகவும் கொழும்பு நகரில் அறிவித்தனர். மனிதர் தரும் மிக உயர்ந்த அங்கீகாரம் வந்துசேர ஏறத்தாழ 304 ஆண்டுகள் ஆயின. இறைவனின் அங்கீகாரமோ சில்லாலையின் இருட்டிலேயே கிடைத்திருந்தது.

ஆரணி மக்களுக்கு இதை விளக்கவும் வேண்டுமா? பாவு ஓட்டி, இழை பிணைத்து, தறிக்குழியில் கால்வைத்து நாள்கணக்கில் நெய்த சேலை, தறியிலிருந்து அறுத்ததும் ஊர் ஊராகப் போய்விடுகிறது. மணவறையில் அதை உடுத்தும் பெண்ணுக்கு நெய்தவர் பெயர் தெரியாது. 'ஆரணிப் பட்டு' என்ற ஊர்ப்பெயர் மட்டுமே தெரியும். அதற்காக எந்த நல்ல நெசவாளரும் இழையைக் குறைத்து நெய்வதில்லை.

ஆலயப் பணியில் மட்டும் நாம் ஏன் மாறிப்போகிறோம்? தேர்த்திருவிழாவில் முதல் மரியாதை யாருக்கு, மின்விசிறியின் இறக்கையில் யார் பெயர், மேடையில் யாருக்கு முன்நாற்காலி என்ற பேச்சில் எத்தனை ஊர்களில் அண்ணன் தம்பிகள் முகம் பாராமல் பிரிந்திருக்கிறார்கள்! வலக்கை கொடுப்பதை இடக்கை அறிய வேண்டாம் என்பது ஆண்டவர் தந்த போதனை. பெயரை எழுதுவது பாவம் அல்ல. பெயர் எழுதாவிட்டால் பணியே வேண்டாம் என்று ஒதுங்குவதுதான் ஆபத்து. பிறர் பெயரை நாம் நன்றியோடு எழுதலாம். நம் பெயரை எழுதும் வேலையை ஆண்டவரிடம் விட்டுவிடுவோம்.

இம்மலரிலும் பல பெயர்கள் விடுபட்டிருக்கும். விடியுமுன் ஆலயம் பெருக்கிய கைகள், பீடத்துணி வெளுத்த தாய்மார், மழையிலும் கிராமங்களுக்கு நடந்த உபதேசிமார், நோயாளியின் அருகில் செபமாலை சொல்லி விழித்திருந்தவர்கள்: இவர்களின் பட்டியல் எந்த அச்சகத்துக்கும் போகவில்லை. அது இருக்கவேண்டிய இடத்தில் பத்திரமாக இருக்கிறது. அந்தப் பட்டியலில் சேர நமக்கு இன்றும் இடமுண்டு.