ஊசி, நூல், ஒரு பழைய சட்டை போதும்... வீட்டிலேயே தையல் பழகலாம் வாங்க!

உங்க பீரோவைத் திறந்து ஒரு நிமிஷம் பாருங்க. பக்கவாட்டில் தையல் விட்டுப்போன சுடிதார் டாப், ஒரு பட்டன் இல்லாத சட்டை, அடி மடிப்பு பிரிஞ்சு தொங்கும் பேன்ட்... எப்படியும் மூணு நாலு தேறும். துணி நல்லாத்தான் இருக்கும். அரை மணி நேர வேலை பாக்கி இருப்பதால், வருஷக்கணக்கில் அப்படியே கிடக்கும்.

புதுக்கோட்டை மாவட்டம் அன்னவாசல் மாதிரி சின்ன ஊரில் இருப்பவர்களுக்கு இது இன்னும் பழகிய கதை. தீபாவளி நெருங்கும்போது டெய்லர் கடைக்குப் போய், ‘அண்ணே, இந்த ஓரத்தை மட்டும் அடிச்சுக் குடுங்க’ என்று கேட்டுப் பாருங்கள். ‘பண்டிகை முடியட்டும்மா’ என்றுதான் பதில் வரும். புதுத்துணி தைக்கவே அவருக்கு ராத்திரி போதாது. ஒரு பட்டனுக்காக புதுக்கோட்டைக்கு பஸ் ஏறவும் முடியாது.

சரி, நாமே கத்துக்கலாம் என்று கிளம்புகிறவர்கள் பெரும்பாலும் செய்வது, முதல் வேலையாக மெஷின் வாங்குவது, அடுத்த நாளே பிளவுஸ் வெட்டுவது. தையலில் கஷ்டமான வேலைகளில் ஒன்று பிளவுஸ். கழுத்து, ஆர்ம்ஹோல், டாட், கை என ஒவ்வொன்றும் உடம்போடு பொருந்தணும். ரெண்டு பிளவுஸ் வீணானதும் ஆர்வம் போயிடும். மெஷின் மூலையில் நின்று, துணி மடிச்சு வைக்கிற மேஜையாகிடும்.

இதைவிட எளிய வழி ஒன்று இருக்கு. கிழிஞ்சதைத் தைப்பதிலிருந்து ஆரம்பிக்கிறது. அளவெடுக்க வேண்டாம், வெட்ட வேண்டாம். அதை வேறொரு டெய்லர் ஏற்கெனவே செய்துவிட்டார். தப்பாகப் போனாலும் நஷ்டம் இல்லை, ஏன்னா அந்தத் துணியை எப்படியும் யாரும் போடப்போவதில்லை. ஒவ்வொரு ரிப்பேரும் ஒரு தையலைக் கற்றுக்கொடுத்துவிடும்.

டப்பாவில் என்னென்ன இருக்கணும்?

பழைய பிஸ்கட் டப்பா ஒன்றை எடுத்துக்கோங்க. பல அளவு ஊசிகள் உள்ள ஒரு பாக்கெட், கறுப்பு, வெள்ளை, நீலம், பழுப்பு நிறங்களில் நூல்கண்டுகள், சின்னக் கத்தரிக்கோல், இன்ச் டேப், குண்டூசிகள். இவ்வளவுதான். துணியில் கோடு போட, தேய்ந்து மெலிஞ்ச குளியல் சோப்புத் துண்டைக் காயவைத்தாலே போதும். துவைத்தால் கோடு போயிடும்.

நூலை எவ்வளவு நீளம் எடுப்பது? பூக்காரம்மா அளக்கிற மாதிரி ஒரு முழம், கொஞ்சம் கூட. ‘அடிக்கடி கோர்க்க வேண்டாமே’ என்று மூணு முழம் எடுத்தீங்கன்னா, பாதியிலேயே சிக்கு விழும்.

நான்கு வாரம், நான்கு தையல்

முதல் வாரம்: பட்டன். நூலை இரட்டையாக்கி முடிச்சுப் போடுங்கள. பட்டனைத் துணியில் வைத்து, அதன் மேல் ஒரு தீக்குச்சியை வைத்து, குச்சியையும் சேர்த்துத் தையுங்கள். ஒவ்வொரு ஜோடி ஓட்டைக்கும் நாலைந்து முறை போதும். பிறகு குச்சியை உருவி, பட்டனை மேலே இழுத்து, அடியில் இருக்கும் நூலைச் சுற்றி மூணு நாலு சுற்று சுற்றி உள்பக்கம் முடிச்சுப் போடுங்கள். அந்தச் சின்ன இடைவெளி இருந்தால்தான் காஜாவுக்குள் பட்டன் இழுபடாமல் உட்காரும்.

இரண்டாம் வாரம்: விட்டுப்போன தையல். இதற்குப் பின் தையல்தான் சரி. துணியை உள்பக்கம் திருப்பி, இரண்டு ஓரத்தையும் சேர்த்துக் குண்டூசி குத்துங்கள். ஊசியை ஒரு தையல் தூரம் முன்னால் வெளியே எடுங்கள். அப்படியே பின்னால் வந்து, முந்தின தையல் முடிந்த இடத்தில் குத்தி, மறுபடி முன்னால் எடுங்கள். தையல் 2, 3 மில்லிமீட்டருக்கு மேல் போக வேண்டாம். பிரிஞ்ச இடத்துக்கு அரை இன்ச் முன்னாலேயே ஆரம்பித்து, அரை இன்ச் தாண்டி முடிக்கணும். இல்லாட்டி, அடுத்த மாசம் அதுக்குப் பக்கத்தில் விடும்.

மூன்றாம் வாரம்: ஹெம்மிங். பேன்ட், பாவாடை, நைட்டி எல்லாவற்றின் அடி ஓரமும் இதுதான். கால் இன்ச் ஒரு மடிப்பு, பிறகு ஒரு இன்ச் இன்னொரு மடிப்பு மடித்து அயர்ன் பண்ணிடுங்க. முன்பக்கத் துணியில் ஒன்றிரண்டு இழையை மட்டும் ஊசியில் பிடிக்கணும். அப்பதான் வெளியே தையல் தெரியாது. புதுக் காட்டன் துணியா? முதலில் ஒருமுறை நனைத்துக் காயவைத்துவிட்டு அளவு வையுங்கள். வளரும் தம்பி, தங்கைகளின் யூனிஃபார்ம் என்றால் மடிப்பை ரெண்டு இன்ச்சாக விடுங்கள். அடுத்த ஜூனில் பிரித்து இறக்கிக்கொள்ளலாம்.

நான்காம் வாரம்: ஒட்டு. ஓட்டையைவிட எல்லாப் பக்கமும் ஒரு இன்ச் பெரிய துணியை, அதே கனத்தில் பார்த்து வெட்டி அடியில் வையுங்கள். அதன் ஓரத்தைச் சுற்றி ஒருமுறை, ஓட்டையின் விளிம்பை உள்ளே மடித்து இன்னொரு முறை ஓட்டுத் தையல் போடுங்கள். ஊசியை மேலும் கீழுமாக ஓட்டிக்கொண்டே போவதுதான் ஓட்டுத் தையல்.

‘ஒட்டுப் போட்ட துணியா... ஐயோ’ என்று நினைக்காதீங்க. வங்காளத்தின் புகழ்பெற்ற காந்தா விரிப்புகள், பழைய சேலைகளை அடுக்கி ஓட்டுத் தையல் போட்டதில் பிறந்தவை. நம்ம ஊர்த் தேர்களில் தொங்கும் தொம்பைகளும் ஒரு துணியின் மேல் இன்னொரு துணியை வெட்டி வைத்துத் தைப்பவைதான். நிறத்தை மறைக்க முடியலையா? எதிர் நிறத்தில் துணி வைத்து, ஒட்டையே டிசைனாக்கிடுங்க.

ஒரு எச்சரிக்கை: பட்டுச்சேலை, ஜார்ஜெட், லெக்கிங்ஸ் போல இழுபடும் துணிகளில் இப்போதைக்குக் கை வைக்க வேண்டாம். காட்டனில் கை பழகட்டும்.

முதல் படைப்பு: ஒரு மஞ்சப்பை

ரிப்பேர் கை வந்ததும் புதுசாக ஒன்று செய்து பாருங்கள். தமிழ்நாட்டில் 2019 ஜனவரி 1 முதல் ஒருமுறை பயன்படுத்தும் பிளாஸ்டிக் பைகளுக்குத் தடை. 2021 டிசம்பரில் ‘மீண்டும் மஞ்சப்பை’ திட்டமும் வந்தது. அந்தப் பையைக் கடையில் வாங்கணுமா என்ன?

15 இன்ச் அகலம், 17 இன்ச் உயரத்தில் இரண்டு துண்டுகள், 22 இன்ச் நீளம், 3 இன்ச் அகலத்தில் இரண்டு பட்டைகள் வெட்டுங்கள். பழைய வேட்டி என்றால் இரண்டு மடிப்பாக எடுங்கள், வெயிட் தாங்கும். நல்ல பக்கங்கள் உள்ளே பார்க்க வைத்து, மூன்று பக்கமும் பின் தையல் போடுங்கள். அடிப்பக்கம் மட்டும் இரண்டு வரிசை. மேல் ஓரத்தை ஹெம்மிங் செய்யுங்கள். பட்டைகளின் ஓரங்களை உள்ளே மடித்து, நடுவில் இன்னொரு மடிப்பு மடித்துத் தையுங்கள். அதைப் பையின் உள்பக்கம் வைத்து, ஒரு சதுரமும் அதற்குள் ஒரு பெருக்கல் குறியும் போட்டுத் தைத்தால் தேங்காய், அரிசி தூக்கினாலும் பிடி அறுந்து வராது.

பைக்கு டிசைன் வேணுமா? அன்னவாசல் பக்கத்திலேயே இருக்கு சித்தன்னவாசல். ஆயிரம் வருஷத்துக்கும் மேல் பழமையான அந்தக் குகை ஓவியத்தில் தாமரைக் குளம், மீன், யானை, பூப்பறிக்கும் மனிதர்கள் எல்லாம் உண்டு. ஒரு தாமரையைச் சோப்பால் வரைந்து, காம்புத் தையலில் ஓட்டுங்கள். உங்க ஊர்ப் பை ரெடி!

மெஷின் எப்போ வாங்கலாம்?

கையாலேயே ஒரு பையை முடித்த பிறகு. அதுவும் முதலில் அக்கம்பக்கத்தில் யாரிடமாவது பழகிப் பார்த்துவிட்டு வாங்குங்கள். கால் மெஷினில் முதல் பாடம் துணியிலேயே இல்லை. நூல் கோர்க்காமல், கோடு போட்ட நோட்டுத் தாளை வைத்து, கோட்டின் மேலேயே ஊசி ஓடுகிற மாதிரி மிதித்துப் பழகணும். சக்கரம் உங்களைப் பார்த்துச் சுற்றணும். பின்பக்கம் சுற்றினால் நூல் சிக்கும், அறும். எண்ணெய் போட்டதும் நல்ல துணியை வைக்காமல், வேஸ்ட் துணியில் கொஞ்சம் ஓட்டிவிடுங்கள்.

இயந்திரங்கள் மனிதனின் வேலையைப் பறிக்கின்றன என்று கவலைப்பட்ட காந்தியே, விதிவிலக்காகச் சொன்னது சிங்கர் தையல் மெஷினைத்தான் என்பது கூடுதல் தகவல்.

இதை வைத்துச் சம்பாதிக்க முடியுமா?

பழகினால் முடியும். ஆனால், அதிலும் வரிசை முக்கியம். தமிழக அரசின் ‘சத்தியவாணி முத்து அம்மையார் நினைவு இலவச தையல் இயந்திரத் திட்டம்’ ஆதரவற்ற, கைவிடப்பட்ட, வறுமையில் உள்ள பெண்கள் உள்ளிட்டோருக்கானது. வயது 20 முதல் 40 வரை. தையல் தெரியும் என்பதற்கான சான்றிதழும் கேட்பார்கள். அதாவது, முதலில் பழகணும், பிறகுதான் மெஷின். வருமான வரம்பு போன்ற விவரங்களை மாவட்டச் சமூக நல அலுவலகத்தில் கேட்டுக்கொள்ளுங்கள். வங்கிகள் மாவட்டம்தோறும் நடத்தும் ஊரக சுயவேலைவாய்ப்புப் பயிற்சி மையங்களில் தையல் பயிற்சி இலவசம். அரசுப் பள்ளிக் குழந்தைகள் போடும் விலையில்லாச் சீருடைகளைத் தைப்பவர்களும் மகளிர் தையல் கூட்டுறவுச் சங்கங்களின் உறுப்பினர்கள்தான்.

சம்பாதிக்கும் எண்ணமே இல்லை என்றாலும் பழகுங்கள். உலகம் முழுக்க ஆண்டுக்குச் சுமார் 9.2 கோடி டன் துணிக்கழிவு சேருது என்கிறது ஐ.நா. சுற்றுச்சூழல் அமைப்பு. அதில் உங்க பங்கு ஒரு சட்டை குறைஞ்சாலும் லாபம்தானே?

பசங்களுக்கும்தான்!

கடையில் தைப்பவர் ஆணாக இருந்தால் ‘டெய்லர் அண்ணன்’. அதே ஊசியை வீட்டில் எடுக்கச் சொன்னால் மட்டும் ‘அது பொம்பளைங்க வேலை’. இந்தக் கணக்கு எந்த ஊர் நியாயம்? திருச்சி ஹாஸ்டலில், திருப்பூர் ரூமில் தங்கியிருக்கும் தம்பிகளே, இன்டர்வியூ காலையில் பட்டன் அறுந்தால் அம்மா பக்கத்தில் இருக்க மாட்டாங்க.

1990-களின் தொடக்கத்தில், அறிவொளி இயக்கத்தின்போது பல்லாயிரம் பெண்கள் சைக்கிள் பழகிய மாவட்டம் புதுக்கோட்டை. ‘அது ஆம்பளைங்க ஓட்டுறது’ என்ற பேச்சு அன்று எழுந்தது. கேலியும் இருந்தது. ஆனாலும் அவர்கள் ஓட்டினார்கள். தண்ணீர் எடுக்க, வேலைக்குப் போக, பிள்ளையைப் பள்ளியில் விட யாரையும் எதிர்பார்க்க வேண்டியதில்லை என்றானது. ஒரு சின்னத் திறமை தரும் நிம்மதி அது. ஊசியும் நூலும் அதே நிம்மதியைத் தரும், ஆணுக்கும் பெண்ணுக்கும்.

இந்த ஞாயிற்றுக்கிழமை பெரிய திட்டமெல்லாம் வேண்டாம். பீரோவிலிருந்து ஒரே ஒரு துணியை எடுங்கள். பட்டன் இல்லாத சட்டையாக இருந்தால் நல்லது. போனை ஓரமாக வைத்துவிட்டு, ஒரு முழம் நூலைக் கோருங்கள். திங்கட்கிழமை அந்தச் சட்டையைப் போட்டுக்கொண்டு கிளம்புங்கள்!