தொலைக்காட்சியும் தொலைவூர்ப் பள்ளிகளும்

மாணவர்களே! ஒரு நாட்டில் கல்வி பரவிய வரலாற்றை எழுதப் புகுவோர் பல்கலைக்கழகங்களையும் சட்டங்களையும் கல்விக் குழுக்களையும் பற்றியே பெரும்பாலும் எழுதுவர். ஓலைச்சுவடியும் அச்சுப் புத்தகமும் கரும்பலகையும் ஊர்தோறும் எவ்வாறு சென்று சேர்ந்தன என்பதை அவர்கள் அத்துணை விரிவாகக் கூறுவதில்லை. ஆயினும், ஆசிரியரும் நூலும் எளிதிற் செல்லாத இடங்களுக்குக் கல்வியைக் கொண்டு செல்ல மேற்கொள்ளப்பட்ட முயற்சிகள் சுவை மிக்கவை, படிப்பினையும் மிக்கவை. அவற்றுள் ஒன்று பள்ளித் தொலைக்காட்சி. மின்சாரம் எட்டாத ஊர்களுக்கு அதனைக் கொண்டு செல்ல முயன்ற வரலாற்றை இப்பொழுது காண்போம்.

இவ்வரலாற்றைக் காரைக்காலில் இருந்துகொண்டு நோக்குவதற்குத் தக்க காரணம் உண்டு. அரசலாறு கடலோடு கலக்கும் இவ்வூர் 1739ஆம் ஆண்டில் பிரெஞ்சுக்காரர் வசமாயிற்று. 1954 நவம்பர் 1ஆம் நாள் இதன் ஆட்சிப் பொறுப்பு இந்தியாவிடம் வந்தது. 1962 ஆகஸ்ட் 16ஆம் நாள் அம்மாற்றம் சட்டப்படி நிறைவுற்றது. இதே பிரெஞ்சுக் கொடியின்கீழ் மேற்கு ஆப்பிரிக்காவில் நைஜர் என்னும் நாடும் இருந்தது. அது 1960 ஆகஸ்டில் விடுதலை பெற்றது. காரைக்கால் காவிரியின் கடைமடை; நைஜர் சகாராப் பாலையின் விளிம்பு. நிலத்தால் இவ்வளவு வேறுபட்டிருப்பினும், ஒரே ஆட்சியைக் கண்ட இவ்விரண்டும் ஒருவகையில் உறவுடையவை. மின்கம்பி இல்லாத பள்ளியில் தொலைக்காட்சியை இயக்கும் முயற்சி மிக முற்பட நிகழ்ந்த இடங்களுள் ஒன்று அந்த நைஜர் நாடேயாகும்.

விடுதலை பெற்ற காலத்தில் நைஜரில் பள்ளிக்குச் சென்ற சிறுவர் மிகச் சிலர். பயிற்சி பெற்ற ஆசிரியரோ அவர்களினும் அரியர். ஆதலால் 1960களின் நடுப்பகுதியில் பிரான்சு நாட்டின் துணையுடன் தலைநகர் நியாமேயில் பள்ளித் தொலைக்காட்சி தொடங்கப்பெற்றது. பாடத்தைத் திரை கற்பித்தது. வகுப்பில் இருந்த மேற்பார்வையாளர் பிள்ளைகளை அமைதியாக அமர்த்தி, கேட்டதைத் திரும்பச் சொல்லவும் எழுதவும் செய்தார். நல்லாசிரியர் ஒருவரின் குரலைப் பல வகுப்புகளுக்குப் பகிர்ந்தளிக்கும் வழி இது எனக் கருதப்பட்டது.

ஆனால் தலைநகரைத் தாண்டியவுடன் மின்சாரம் இல்லை. மின்கலங்களைக் கொண்டு பெட்டியை இயக்கலாம். எனினும் மின்கலம் ஓயும். ஓய்ந்தால் அந்தக் கனத்த பெட்டகத்தைச் சுமந்து மின்னேற்றும் இடம் வரை சென்று மீள வேண்டும். பாலைவெளியில் அது ஒருநாட் பயணம் அன்று. இந்த இடரை நீக்க, 1972இல் பிரெஞ்சுப் பொறியாளர் காட்மியம் சல்பைடு என்னும் பொருளாலான சூரியத் தகடுகளை நைஜரின் சிற்றூர்ப் பள்ளி ஒன்றிற் பொருத்தி, அதனால் கல்வித் தொலைக்காட்சியை இயக்கிக் காட்டினர். 1958 முதல் விண்ணிற் சுழலும் செயற்கைக் கோள்களுக்கே பெரும்பாலும் பயன்பட்டு வந்த சூரிய மின்கலம், இங்ஙனம் ஏழைச் சிறுவரின் வகுப்பறைக்கு இறங்கி வந்தது. கதிரவனுக்குக் குறைவில்லாத நாட்டில் கதிரவனையே பள்ளிப் பணியாளாக ஆக்கிய அச்செயல் பாராட்டுக்குரியதன்றோ?

நைஜருக்குத் தென்மேற்கே, பிரெஞ்சு ஆட்சியிலிருந்து விடுபட்ட மற்றொரு நாடு ஐவரி கோஸ்ட். அந்நாடு 1971 முதல் தன் தொடக்கப் பள்ளிகளுக்கெல்லாம் தொலைக்காட்சி வழியே கற்பிக்கத் துணிந்தது. புவாக்கே நகரில் பெரியதொரு நிலையம் எழுந்தது. மின்சாரமற்ற எண்ணிறந்த ஊர்களில் மின்கலங்களே பெட்டிகளை இயக்கின. எனினும் செலவு மிகுந்தது. பெற்றோரிடமும் ஆசிரியரிடமும் மனக்குறை வளர்ந்தது. 1980களின் தொடக்கத்தில் அத்திட்டம் கைவிடப்பட்டது. கருவி பழுதடைந்து அது வீழவில்லை. மக்களின் மனம் உடன்வரவில்லை என்பதே நாம் குறித்துக்கொள்ள வேண்டிய செய்தி.

இனி நம் நாட்டுக்கு வருவோம். டில்லியில் 1959 செப்டம்பர் 15ஆம் நாள் தொலைக்காட்சி சோதனை முறையில் தொடங்கியது. 1961இல் அந்நகரப் பள்ளிகளுக்குப் பாட ஒளிபரப்பும் தொடங்கிற்று. ஆயினும் நிலத்தில் நாட்டிய கோபுரத்தின் அலைகள் தொடுவானத்துக்கு அப்பால் நெடுந்தொலைவு செல்லா. இந்தியாவின் சிற்றூர்களை எல்லாம் கோபுரங்களால் எட்டுவதாயின் தலைமுறைகள் கழியும் என்பதை உணர்ந்தவர் விக்ரம் சாராபாய். கோபுரத்தையே வானில் நட்டுவிட்டால் என்ன என்று அவர் எண்ணினார். அவ்வெண்ணத்தின் பயனாக, 1969இல் இந்திய அணுசக்தித் துறையும் அமெரிக்காவின் நாசா நிறுவனமும் ஓர் உடன்படிக்கை செய்துகொண்டன. 1971 டிசம்பரில் சாராபாய் மறைந்தார். அவர் எண்ணம் மறையவில்லை.

1974 மே மாதம் ஏ.டி.எஸ்.-6 என்னும் செயற்கைக் கோள் விண்ணில் ஏவப்பெற்றது. ஒன்பது மீட்டருக்கு மேல் அகலமுடைய அலைவாங்கியை அது குடைபோல் விரித்தது. ஓராண்டு அமெரிக்காவுக்குப் பணிசெய்தபின், அது கிழக்கு ஆப்பிரிக்காவுக்கு நேர்மேலே ஏறத்தாழ 36,000 கிலோமீட்டர் உயரத்திற்கு நகர்த்தப்பட்டு இந்தியாவை நோக்கித் திருப்பப்பட்டது. 1975 ஆகஸ்ட் 1ஆம் நாள், ஆந்திரம், கருநாடகம், ஒரிசா, பீகார், மத்தியப் பிரதேசம், இராசஸ்தானம் ஆகிய ஆறு மாநிலங்களின் 2,400 சிற்றூர்களில் படம் தெரிந்தது. ஊர்களில் நாட்டப்பெற்ற அலைவாங்கிகள் மூன்று மீட்டர் அகலமுள்ளவை. கோழிக்கூட்டுக்குப் பயன்படும் கம்பிவலையால் ஆனவை. காலையில் ஒன்றரை மணி நேரம் பள்ளிச் சிறுவர்க்கு. மாலையில் இரண்டரை மணி நேரம் ஊர்மக்களுக்கு. இந்தி, ஒரியா, தெலுங்கு, கன்னடம் ஆகிய நான்கு மொழிகளுக்கும் காலைப் பொழுது பங்கிடப்பட்டதால், ஒரு மொழிச் சிறுவர்க்குக் கிடைத்தது நாளொன்றுக்கு இருபத்திரண்டரை நிமிடமே. தமிழ்நாடும் புதுச்சேரியும் இத்திட்டத்தில் இடம்பெறவில்லை.

இவ்விடத்தில் ஒன்றை ஆழ்ந்து நோக்குதல் வேண்டும். செயற்கைக் கோளிலிருந்து வந்த அலைகள் மழையைப் போல எல்லா ஊர்கள்மீதும் வேறுபாடின்றிப் பொழிந்தன. ஆயினும் ஏந்துவதற்குப் பாத்திரம் உள்ள வீட்டில்தானே மழைநீர் தங்கும்? மின்சாரம் வந்திருந்த ஊர்களே மிகப் பெரும்பாலும் திட்டத்திற்குத் தெரிந்தெடுக்கப்பட்டன. மின்சாரமற்ற சில ஊர்களில் மட்டும் மின்கலத்தால் இயங்கும் பெட்டிகள் வைக்கப்பட்டன. முப்பத்தாறாயிரம் கிலோமீட்டரைக் கடந்து வந்த பாடம், ஊர் எல்லையிலுள்ள கடைசி மின்கம்பத்துக்கும் பள்ளிக் கூரைக்கும் இடையேயுள்ள சிறுதொலைவில் தடைப்பட்டு நின்றது. மிகவும் வேண்டியிருந்த ஊரே மிகவும் பின்னால் நின்றது.

இத்திட்டத்தின் விளைவையும் அறிஞர் ஆராய்ந்தனர். மானிடவியலார் ஊர்களிலேயே தங்கிப் பார்த்தனர். முதல் நாட்களில் திரண்ட பெருங்கூட்டம் பின்னர்க் குறைந்து, ஒரு பெட்டிக்குச் சராசரி நூறு பேர் என நிலைத்தது. நலவாழ்வு பற்றிய அறிவில் பெண்களும் எழுத்தறியாதோரும் நன்கு முன்னேறினர். பள்ளிச் சிறுவரிடம் மொழித்திறனும் புதியன அறியும் வேட்கையும் வளர்ந்தன. ஆனால் பள்ளிக்கு வருவோர் தொகை பெருகியதாகவோ, இடையில் நிற்போர் குறைந்ததாகவோ தெரியவில்லை. மாட்டை மேய்க்கவும் தம்பி தங்கையரைப் பார்த்துக்கொள்ளவும் வீட்டில் நிறுத்தப்பட்ட சிறுமியைத் திரை வந்து அழைத்துப் போக இயலாதன்றோ? இன்னொரு பயன் பலர் நினைவில் நிற்பதில்லை. இதே திட்டத்தின் வழியே ஏறத்தாழ 48,000 தொடக்கப்பள்ளி ஆசிரியர்கள் அறிவியல் கற்பிக்கும் பயிற்சி பெற்றனர். சிறுவரின் பாடம் ஓராண்டோடு நின்றது. ஆசிரியர் பெற்ற பயிற்சி அவர் பணிபுரியும் ஆண்டுகளெல்லாம் உடன் வருவது.

ஆம், ஓராண்டோடு நின்றது. 1976 ஜூலை 31ஆம் நாள் ஒளிபரப்பு முடிவுற்றது. இரவலாக வந்த செயற்கைக் கோள் உரியவரிடம் மீண்டது. பின்னர் நிறுவப்பட்ட நிலக் கோபுரங்கள் அவ்வூர்களில் ஒரு பகுதிக்கே ஒளிபரப்பைத் தொடர்ந்து வழங்கின. தன் வகுப்பறையில் ஓராண்டு உலகத்தைக் கண்ட சிறுவன், 1976 ஆகஸ்டில் இருண்ட திரைக்கு முன் அமர்ந்திருந்தான். சோதனை என்ற வகையில் அது வெற்றியே. ஆயினும் சிறுவனின் கல்வி சோதனைக் காலத்தோடு முடிவதன்று. கொடுத்ததைத் திரும்ப எடுத்துக்கொள்ளும் கல்வி, கொடுக்காத கல்வியினும் துன்பம் தருவது.

காரைக்கால் கடற்கரையின் நிலை யாது? சென்னைத் தொலைக்காட்சி 1975 ஆகஸ்ட் 15ஆம் நாள் தொடங்கியது. சென்னைக்கும் காரைக்காலுக்கும் நேர்த்தொலைவே ஏறத்தாழ 240 கிலோமீட்டர். ஆதலின் அதன் அலைகள் இங்கு எட்டவில்லை. 1982இல் இலங்கையில் ரூபவாகினி தோன்றியபின், கடலுக்கு அப்பாலிருந்து வந்த படத்தை உயர்ந்த கம்பங்கள் நட்டுப் பிடித்தோர் இக்கரையில் உண்டு. 2004 செப்டம்பரில் கல்விக்கெனவே எடுசாட் என்னும் கோள் ஸ்ரீஹரிகோட்டாவிலிருந்து ஏவப்பெற்றது. அடுத்த மாதமே செயற்கைக் கோள் வழி இயங்கும் ஊரக வள மையங்கள் மூன்று தமிழகத்தில் தொடங்கின. அவற்றுள் ஒன்று காவிரிக்கரைத் திருவையாற்றில் அமைந்தது. 2019 ஆகஸ்ட் 26ஆம் நாள் தமிழ்நாடு அரசின் கல்வித் தொலைக்காட்சி பிறந்தது. அடுத்த ஆண்டில் பெருந்தொற்றால் பள்ளிகள் அடைபட்டபொழுது, அத்திரையே எத்தனையோ சிறுவர்க்கு வகுப்பறை ஆயிற்று.

இன்று நம் ஊர்களில் மின்சாரம் உண்டே. பழங்கதை நமக்கு எதற்கு எனச் சிலர் வினவலாம். 2018 நவம்பர் 16ஆம் நாள் கஜா புயல் நாகப்பட்டினத்துக்கும் வேதாரணியத்துக்கும் இடையே கரை கடந்ததை நீங்கள் அறிவீர்கள். ஒரே இரவில் மின்கம்பங்கள் பெருந்தொகையாகச் சாய்ந்தன. டெல்டாவின் சிற்றூர்கள் பலவற்றில் மின்சாரம் மீள வாரக்கணக்கில் ஆயிற்று. மின்சாரமற்ற ஊர் என்பது நைஜரில் மட்டும் உள்ளதன்று. கடற்கரையில் வாழும் நம் ஊரும் ஓரிரவில் அவ்வாறு ஆகக்கூடும். அந்நாளில் பள்ளிக் கூரைமேல் சூரியத் தகடும், அதைப் பேணத் தெரிந்த ஒருவரும், திரை இருண்டாலும் பாடத்தைத் தொடரவல்ல ஆசிரியரும் இருப்பின், சிறுவரின் கல்வி தடைப்படாது.

மாணவர்களே! பள்ளித் தொலைக்காட்சியின் வரலாறு நமக்கு உணர்த்துவது இதுவே. கருவியைக் கொண்டுபோய் வைப்பது ஒருநாள் வேலை. அதனை நாள்தோறும் இயக்கி வைப்பதே கல்விப் பணி. பெட்டியோடு மின்சாரமும், மின்சாரத்தோடு பழுது பார்ப்பவரும், அவரோடு ஆசிரியரும் சென்ற இடங்களில் பயன் விளைந்தது. பெட்டி தனியே சென்ற இடங்களில் தூசியே விளைந்தது. உங்களுள் சிலர் நாளைப் பொறியாளராவீர்கள், சிலர் ஆசிரியராவீர்கள், சிலர் திட்டம் வகுக்கும் பொறுப்பையும் ஏற்பீர்கள். புதிய கருவி ஒன்றைத் தொலைவூர்ப் பள்ளிக்கு அனுப்பும் பொறுப்பு உங்களுக்கு வாய்க்குமாயின், அது சென்று சேரும் நாளைப் பற்றி மட்டும் எண்ணாதீர்கள். அது பழுதடையும் நாளில் அவ்வூரில் யார் இருப்பார் என்பதையும் அன்றே எண்ணிப் பாருங்கள்.