அரசவை ஓவியங்களில் யானையும் பாகனும்: ஊவாவிலிருந்து ஒரு நோக்கு

பதுளை நகரில் 1857 ஆம் ஆண்டு கட்டப்பெற்ற புனித மாற்கு ஆலயம் மேஜர் ரொஜர்ஸ் என்பாரின் நினைவாக எழுந்ததாகும். பதுளையில் ஆங்கிலேய அதிகாரியாக விளங்கிய அவர், 1,400 க்கும் மேற்பட்ட யானைகளைச் சுட்டு வீழ்த்தியவரெனப் பெயர் பெற்றவர். 1845 இல் அப்புத்தளையில் இடி தாக்கி இறந்தார். யானைகளைக் கொன்றவரின் பெயர் கல்லிலே நிலைத்துவிட்டது. யானைகளைப் பிடித்தும் பழக்கியும் பேணியும் வாழ்ந்தவர்களை வரலாற்றில் எங்கே தேடுவது? இவ்வினாவுடன் இந்திய அரசவை ஓவியங்களை அணுகுதல் பயனுடைத்து.

இலண்டன் விக்டோரியா அல்பேட் நூதனசாலையிலுள்ள அக்பர்நாமாப் பிரதியில் புகழ்பெற்ற ஓர் ஓவியம் உண்டு. 1561 இல் ஆக்ராவில், ஹவாய் என்னும் அடங்கா யானைமீது ஏறிய அக்பர், ரண்பாகா என்னும் மற்றொரு யானையைத் துரத்தி, யமுனையின் படகுப் பாலத்தின்மேற் செலுத்திய நிகழ்ச்சியை அது சித்திரிக்கின்றது. பாலம் நிலைகுலைகின்றது, மாந்தர் அஞ்சிச் சிதறுகின்றனர். 1590 களில் தீட்டப்பெற்ற இதன் உருவரையை அமைத்தவர் பசாவன். வண்ணந் தீட்டியவர் சேத்தர். அரசன் பெயரும், யானைகளின் பெயர்களும், ஓவியர் பெயர்களும் நமக்குக் கிடைத்துள்ளன. ஈண்டுச் சிந்திக்கத்தக்கது ஒன்றுண்டு. அரசன் அமர்ந்திருப்பது அம்பாரியில் அன்று. யானையின் பிடரியில், பாகனுக்குரிய இடத்தில். அரசனுக்கு ஒருநாள் வீரச்செயலாக எழுதப்பட்டது பாகனுக்கு அன்றாடத் தொழிலாக இருந்தது.

அத்தொழிலின் இயல்பை அபுல் பஸலின் ஆயினி அக்பரி விளக்குகின்றது. பிடரியிலிருந்து யானையைச் செலுத்தும் மகாவத்துக்கு மாதம் 200 தாம். பாகனைத் தள்ளிவிடும் தீக்குணமுள்ள யானையாயின் 220 தாம். பின்புறத்தில் அமர்ந்து போரில் உதவும் போயிக்கு 110 தாம். தீவனம் கொணரும் மேத் என்பாருக்கு நாட்கூலி. பயணத்தின்போது 4 தாம், ஏனைய நாட்களில் மூன்றரைத் தாம். அக்காலத்தில் 40 தாம் ஓர் உரூபாய். உயிராபத்தின் விலை மாதம் 20 தாம், அதாவது அரை உரூபாய் என்பதை இக்கணக்குப் புலப்படுத்துகின்றது. கூலி எழுதப்பட்டது, கூலி பெற்றவன் பெயர் எழுதப்படவில்லை.

ஆயினும் ஓவியன் கண் கணக்கனின் கண்ணினும் கூரியது. இராசபுத்தானத்துக் கோட்டா அரசவையின் யானைப்போர்க் கோட்டோவியங்களை நோக்குக. மோதும் யானைகளின் முதுகிற் பாகர் பற்றிக்கொண்டிருக்கும் நிலையை அவை உயிர்த்துடிப்புடன் காட்டுகின்றன. யானையை வரைய முனைந்த தூரிகை, பாகனின் உடலையும் உழைப்பையும் விட்டுவிட இயலவில்லை.

இவ்வரலாறு இலங்கைக்கு அந்நியமானதன்று. வன்னிக் காடுகளிற் பிடிபட்ட யானைகள் யாழ்ப்பாணத்துக்கு நடத்திச் செல்லப்பட்டு, ஒல்லாந்தர் காலத்தில் இந்திய வணிகருக்கு விற்கப்பட்டன. ஊவாவை உள்ளடக்கிய கண்டி இராச்சியத்தில் யானைகளுக்கெனக் ‘குருவே’ என்னும் தனித்துறை இருந்தது. அதன் தலைவர் கஜநாயக்க நிலமே எனப்பட்டார். இங்கும் பதவிப்பெயர் நிலைத்தது. பாகன் பெயர் மறைந்தது.

1815 இல் அவ்விராச்சியம் வீழ்ந்தபின் ஊவாவின் மலைச்சரிவுகளிற் கோப்பியும் பின்னர் தேயிலையும் பரவின. தோட்டங்கள் துரைமாரின் நாட்டுப் பெயர்களைத் தாங்கின. தமிழகத்திலிருந்து வந்து அவற்றை உருவாக்கிய தொழிலாளர் பெரும்பாலும் ‘செக்ரோல்’ என்னும் கூலிப்பதிவேட்டிலேயே இடம்பெற்றனர். பாகனின் நிலைக்கும் இவர்களின் நிலைக்கும் வேறுபாடுகள் பல. ஆனால் உழைப்பவனை எழுத்து ஏற்றுக்கொண்ட வாயில் ஒன்றே. அது கூலிக்கணக்கு.

ஆதலால் மலையக வரலாற்றை ஆராயப் புகும் மாணவர், நினைவுக்கற்களோடு நின்றுவிடலாகாது. கணக்கேட்டின் வரிகளையும், படத்தின் ஓரத்தில் நிற்கும் மனிதரையும் சான்றாகக் கொள்ளல் வேண்டும். அங்கே பெயர் கிடைக்காவிடினும் தொழில் கிடைக்கும். தொழிலை அறிந்தால் மனிதனை ஓரளவேனும் அறியலாம்.