புதைந்த உருவங்கள்

பாகூர் ஏரிப் பாசன வயல்களில் களை எடுக்கும் பெண்களுக்கு ஒரு புல்லோடு தீராத வழக்கு உண்டு. நெல்லின் நிறம், நெல்லின் உயரம், நெல்லைப் போலவே தூர் கட்டும் குதிரைவாலிப் புல். கதிர் தள்ளும்வரை வரப்பில் நிற்கும் ஆளுக்கு அதுவும் நெல்தான். சேற்றில் குனிந்திருக்கும் பெண்ணுக்கு அப்படியில்லை. இலை தண்டோடு சேருமிடத்தில் நெல்லுக்குச் சிறு நாக்குப் போன்ற சவ்வு இருக்கும். இந்தப் புல்லுக்கு இருக்காது. வித்தியாசம் அவ்வளவுதான். பச்சைப் பரப்புக்குள் புதைந்திருக்கும் அந்த ஒன்றைக் கண் பிரிப்பதும் கை பிடுங்குவதும் ஒரே நொடியில் நடக்கின்றன.

இதே வேலையைத் தாளில் வரைந்து, கையில் கடிகாரத்தோடு உட்கார்ந்து, 'பெண்களுக்கு இது சரியாக வராது' என்று முடிவு கட்டியது இருபதாம் நூற்றாண்டின் உளவியல். அதே வகைத் தாள் பிறகு ஆட்டிசம் உள்ளவர்கள் முன் வைக்கப்பட்டது. அவர்களுக்கு அது நன்றாகவே வந்தது. அதையும் ஒரு குறைக்கான சான்றாகவே எழுதினார்கள். இந்த இரண்டு தீர்ப்புகளுக்கும் நடுவில் காணாமல் போனவள் ஆட்டிசம் உள்ள பெண்.

அமெரிக்க உளவியலாளர் ஹெர்மன் விட்கின் 'புதைந்த உருவச் சோதனை'யை 1950இல் வெளியிட்டார். கோட்ஷால்ட் என்ற ஜெர்மானியர் 1926இல் பயன்படுத்திய படங்களே அதற்கு மூலம். சிக்கலான ஒரு கோட்டுருவத்துக்குள் எளிய வடிவம் ஒன்று ஒளிந்திருக்கும். அதைக் கண்டுபிடிக்க எத்தனை நொடி ஆகிறது என்று அளப்பார்கள். சராசரியாகப் பெண்கள் சற்றுத் தாமதமாகக் கண்டுபிடித்தார்கள். வேறுபாடு சிறியது. அதன்மேல் எழுந்த கட்டடம் பெரியது. வேகமாகக் கண்டவர் 'புலம் சாராதவர்', தாமதித்தவர் 'புலம் சார்ந்தவர்'. முன்னவர் தன்னிச்சையானவர், பகுத்தாய்பவர். பின்னவர் பிறரை அண்டி நிற்பவர். படத்திலிருந்து ஆளுமைக்கு ஒரே தாவல். (தமிழில் 'புலம்' என்றால் வயலும்தான், அறிவும்தான். புலம் சார்ந்தவள் என்று களை எடுக்கும் பெண்ணைச் சொன்னால் நம் காதுக்கு அது வசையாகவே கேட்காது.) சூழலோடு சேர்த்துப் பார்ப்பது ஏன் தோல்வியாக எண்ணப்பட வேண்டும் என்பதைப் பெண்ணிய ஆய்வாளர்கள் விடாமல் கேட்டார்கள். ஜானிஸ் ஹாக்கன் இந்தக் கருத்தாக்கத்தின் வரலாற்றையே 1988இல் 'சைன்ஸ்' என்ற பெண்ணிய ஆய்விதழில் பிரித்துப் போட்டார்.

அதற்குள் சோதனைத்தாள் லண்டன் போய்ச் சேர்ந்திருந்தது. 1983இல் அமிட்டா ஷா, உட்டா ஃபிரித் என்ற இரு பெண்கள் ஆட்டிசம் உள்ள 20 குழந்தைகளிடம் அதன் சிறுவர் வடிவத்தைக் கொடுத்தார்கள். குழந்தை வண்டிப் படத்துக்குள் ஒரு முக்கோணக் கூடாரத்தைத் தேட வேண்டும், இப்படி. அக்குழந்தைகள் மற்றவர்களை மிஞ்சினார்கள். பத்தாண்டு கழித்து, 1993இல், இருவரும் கட்டைகளை அடுக்கிக் கோலவடிவம் அமைக்கும் சோதனையை எடுத்துக்கொண்டார்கள். அமைக்க வேண்டிய வடிவத்தை முன்கூட்டியே துண்டு துண்டாகப் பிரித்துக் காட்டியதும் மற்றவர்களின் வேகமும் கூடிவிட்டது. ஆட்டிசம் உள்ளவர்களுக்கோ அந்த உதவி அவ்வளவாகத் தேவைப்படவில்லை. அவர்கள் கண் ஏற்கெனவே பிரித்துவிட்டிருந்தது.

இந்தத் திறமைக்கு ஃபிரித் தம் 1989 நூலில் தந்த விளக்கத்தின் பெயர் 'பலவீனமான மைய ஒருங்கிணைவு'. விவரம் தெரிகிறது, முழுமை கூடவில்லை என்பது அதன் பொருள். ஜெயித்த சோதனைக்கும் தோல்வியின் பெயர். லியோ கேனர் 1943இல் 11 குழந்தைகளைப் பற்றி எழுதிய முதல் கட்டுரையிலேயே இதன் விதை இருக்கிறது: உறுப்புகள் ஒவ்வொன்றையும் முழுதாகக் கவனிக்காமல் ஒரு முழுமையை அனுபவிக்க அவர்களால் முடியவில்லை என்றார். கவனித்துப் படித்தால், முழுமையே தெரியாது என்று அவர் சொல்லவில்லை. அங்கே போகும் வழி வேறு என்றுதான் அந்த வாக்கியம் சொல்கிறது. ஃபிரித்தும் பின்னாளில் தம் கொள்கையைத் திருத்திக்கொண்டார். 2006இல் ஃபிரான்செஸ்கா ஹாப்பேயோடு சேர்ந்து, இது குறை என்பதைவிட ஒரு நோக்கு முறை என்று எழுதினார்.

ஆனால் 1997இல் தெரெஸ் ஜாலிஃபும் சைமன் பேரன்-கோஹனும் வயதுவந்தவர்களிடம் அதே சோதனையைச் செய்து, ஆட்டிசம் உள்ளவர்களே விரைவானவர்கள் என்று காட்டியபின் கதை வேறு பக்கம் திரும்பியது. ஆண்கள் இதில் வேகம், ஆட்டிசம் உள்ளவர்கள் இன்னும் வேகம். ஆகவே ஆட்டிசம் என்பது 'அதீத ஆண் மூளை' என்று 2002இல் பேரன்-கோஹன் எழுதினார். இது புதிதல்ல. நாஜி ஆட்சிக்கால வியன்னாவில் நான்கு சிறுவர்களை வைத்து 1944இல் எழுதிய ஹான்ஸ் ஆஸ்பெர்கரும் ஆண் அறிவின் உச்ச வடிவம் என்றே இதைச் சொல்லியிருந்தார். விட்கின் பெண்ணை விவரத்திலிருந்து விலக்கினார். இவர்கள் விவரத்தை ஆணின் பெயருக்குப் பட்டா எழுதிக் கொடுத்தார்கள். நுணுக்கம் பார்க்கும் பெண்ணுக்கு அந்தப் பட்டாவில் இடமில்லை.

மாஸ்கோவில் மனநல மருத்துவர் க்ரூன்யா சுகாரேவா, கேனருக்கும் ஆஸ்பெர்கருக்கும் முன்பே, 1925இல் ஆறு சிறுவர்களை நுட்பமாக விவரித்தார். அடுத்த ஓரிரு ஆண்டுகளில் சிறுமிகளைப் பற்றியும் எழுதினார். சிறுவர்களைப் பற்றிய கட்டுரை ஆங்கிலத்துக்கு வர 1996 ஆயிற்று. அதைக் கொண்டுவந்தவரும் ஒரு பெண், சூலா வுல்ஃப். சிறுமிகள் இன்னும் நீண்ட காலம் காத்திருக்க நேர்ந்தது. இந்தத் தாமதத்தின் விலையை எண்ணிலும் பார்க்கலாம். நான்கு ஆண்களுக்கு ஒரு பெண் என்பது நெடுநாள் சொல்லப்பட்ட விகிதம். 2017இல் ரேச்சல் லூம்ஸ் குழுவினர் 54 ஆய்வுகளைத் தொகுத்துப் பார்த்து, அது மூன்றுக்கு ஒன்றை நெருங்கியது என்றார்கள். மருத்துவரிடம் வந்தவர்களை மட்டும் எண்ணாமல், வராதவர்களையும் தேடிப்போன ஆய்வுகளில் பெண்கள் கூடுதலாகத் தென்பட்டார்கள்.

முழுமை தெரியாது என்ற வாதமும் நிலைக்கவில்லை. மான்ட்ரியாலில் லோரான் மோட்ரோனோடு ஆய்வு செய்த மிஷெல் டாசன் தானே ஆட்டிசம் உள்ளவர், முன்பு தபால் பட்டுவாடா செய்தவர். அந்தக் குழு 2006இல் இதைக் கூர்மையான புலன் செயல்பாடு என்று விளக்கியது. முழுமையைப் பார்ப்பது ஆட்டிசத்தில் கட்டாயமல்ல, தேவைப்பட்டால் செய்வது. 2015இல் ரூத் ஃபான் டெர் ஹாலனும் உடனாய்வாளர்களும் 56 கட்டுரைகளைச் சேர்த்து அலசினார்கள். விவரம் காண்பதில் பொதுவான மேன்மையும் இல்லை, முழுமை காண்பதில் பொதுவான குறையும் இல்லை. விவரமும் முழுமையும் ஒன்றோடொன்று முரண்படும்போது முழுமையை எட்டக் கூடுதல் நேரம் ஆகிறது. நேரம், அவ்வளவே. கடிகாரம் வைத்த சோதனைகளின் வரலாற்றில் இதைவிடப் பொருத்தமான முடிவு வேறில்லை என்று எனக்குத் தோன்றுகிறது.

விவரத்திலிருந்து முழுமைக்குப் போவது நமக்கு அந்நியமான வழியும் அல்ல. வில்லியனூர்த் தெருக்களில் புள்ளிக்கோலம் போடும் பெண், ஒவ்வொரு புள்ளியிலும் கோடு எந்தப் பக்கம் வளைய வேண்டும் என்பதைத்தான் பார்க்கிறாள். கடைசி வளைவு மூடும்போது கோலம் நிற்கிறது. கிஃப்ட் சிரோமணி, ராணி சிரோமணி, கமலா கிருத்திவாசன் ஆகியோர் 1974இல் கோலத்துக்கும் கணினி இலக்கணத்துக்கும் உள்ள உறவை எழுதியபோது அவர்களுக்குக் கைகொடுத்தவை இப்படித் திரும்பத் திரும்ப வரும் சிறு விதிகள்தாம்.

என் முன்னாள் மாணவி ஒருத்தி மெய்ப்புத் திருத்துகிறாள். முந்நூறு பக்கத்தில் ஒரே ஒரு சந்திப்பிழை இருந்தாலும் அவள் கண்ணுக்குத் தப்பாது. வில்லியனூர் திருக்காமீசுவரர் கோயில் தேரைப் பற்றி ஒருமுறை சொன்னாள்: "எனக்குத் தேர் கடைசியிலதான் மேடம் வரும். மொதல்ல தேர்ச்சீலையோட ஓரத்தையல், அப்புறம் ஒரு மணி, அதுல நாக்கு இல்லாதது. எல்லாம் சேர்றதுக்குள்ள தேர் தெருவைத் தாண்டிடும்." அவளை ஊரில் 'ஒரு மாதிரி' என்பார்கள். தம்பி அப்படி இருந்திருந்தால் 'மூளைக்காரன்' என்றிருப்பார்கள்.

ஆட்டிசத்தை 2016ஆம் ஆண்டின் மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டம் 21 வகைகளுள் ஒன்றாகச் சேர்த்தது. சான்றிதழுக்கு இந்திய ஆட்டிச மதிப்பீட்டு அளவுகோல் இருக்கிறது: 40 கூறுகள், ஒவ்வொன்றுக்கும் 1 முதல் 5 வரை, கூட்டினால் 70 வர வேண்டும். சமூக உறவும் பேச்சும் நடத்தையும்தான் அதில் பெரும்பங்கு. விருந்தாளி வந்தால் சிரிக்க வேண்டும், காபி டம்ளரை நீட்டும்போது முகம் பார்க்க வேண்டும் என்று பத்து வயதிலிருந்து பழக்கப்பட்ட பெண்ணுக்கு இந்தக் கேள்விகளில் மதிப்பெண் எப்படி ஏறும்? அவள் விண்ணப்பப் படிவத்தை வாங்கிவந்து நிரப்பியும் வைத்தாள். அம்மா அதைப் பீரோவில் புடவைக்கு அடியில் வைத்திருக்கிறார். மாப்பிள்ளை பார்க்கிறார்களாம், அது முடியட்டும் என்கிறார்.