இரண்டாம் மொழியில் சொல்வளமும் பேச்சுச் சரளமும்

இரண்டாம் மொழிச் சொல்வளம் என்பது, ஒருவர் தாய்மொழிக்குப் பின்னர் கற்ற மொழியில் எத்தனை சொற்களை அறிந்துள்ளார், அவற்றை எவ்வளவு ஆழமாக அறிந்துள்ளார் என்பவற்றைக் குறிக்கும். பேச்சுச் சரளம் என்பது அம்மொழியில் தேவையற்ற தடங்கல் இன்றி, இயல்பான வேகத்தில் பேசும் திறன் ஆகும். இவை நெருங்கிய தொடர்புடையவை, எனினும் ஒன்றல்ல. ஒரு மொழியில் செய்தித்தாளை எளிதாக வாசிக்கும் ஒருவர், அதே மொழியில் வழி கேட்கத் தடுமாறலாம். மிகக் குறைந்த சொற்களையே அறிந்த ஒருவர் அதே மொழியில் தங்குதடையின்றி வணிகம் செய்யலாம். இத்தொடர்பு மொழியியல், உளவியல், மொழி கற்பித்தல் ஆகிய துறைகளில் ஆராயப்படுகிறது.

சொல்லை அறிதல்

சொல்லறிவு இரு வகைப்படும். கேட்கும்போதும் வாசிக்கும்போதும் பொருள் புரிவது ஏற்புச் சொல்வளம். பேசும்போதும் எழுதும்போதும் தாமே பயன்படுத்தக்கூடியது ஆக்கச் சொல்வளம். பொதுவாக முன்னது பின்னதைவிடப் பெரியது.

ஆங்கிலச் சொல்வளம் குறித்து நியூசிலாந்து அறிஞர் பால் நேஷன் 2006 இல் வெளியிட்ட ஆய்வு பெரிதும் எடுத்தாளப்படுகிறது. ஒரு வேர்ச்சொல்லையும் அதிலிருந்து பிறக்கும் வடிவங்களையும் சேர்த்து அவர் ஒரு சொற்குடும்பமாகக் கொண்டார். எழுத்து நடையில் வரும் சொற்களில் 98 விழுக்காட்டை அறிந்திருக்க 8,000 முதல் 9,000 சொற்குடும்பங்களும், பேச்சு நடைக்கு 6,000 முதல் 7,000 சொற்குடும்பங்களும் தேவை என அவர் கணக்கிட்டார். இவை புரிந்துகொள்வதற்கான அளவுகளே. பேசுவதற்கான அளவுகள் அல்ல.

பேச்சு உருவாகும் முறை

டச்சு உளமொழியியலாளர் வில்லெம் லெவெல்ட் 1989 இல் முன்வைத்த மாதிரியின்படி, பேச்சு மூன்று கட்டங்களில் உருவாகிறது:

1. சொல்ல வேண்டிய கருத்தை வகுத்தல்
2. அக்கருத்துக்கு உரிய சொற்களைத் தேர்ந்து, இலக்கண அமைப்பையும் ஒலியமைப்பையும் கொடுத்தல்
3. வாயால் ஒலித்தல்

தாய்மொழியில் பேசுவோர் நொடிக்கு இரண்டு அல்லது மூன்று சொற்களைப் பேசுகின்றனர். இரண்டாம் கட்டம் தன்னியக்கமாக நடைபெறுவதால், ஒரு தொடரை ஒலிக்கும்போதே அடுத்த தொடரின் கருத்தை வகுக்க அவர்களால் முடிகிறது. இரண்டாம் மொழியில் சொல்லைத் தேடுவதற்கே கவனம் செலவாகிறது. எனவே மூன்று கட்டங்களும் ஒரே நேரத்தில் நடவாமல் ஒன்றுக்காக மற்றொன்று காத்திருக்கிறது. கேட்போருக்கு அது தயக்கமாகத் தெரிகிறது. ஆகவே சரளத்தைத் தீர்மானிப்பது சொற்களின் எண்ணிக்கை மட்டுமன்று. ஒரு சொல்லை உரிய நேரத்தில் நினைவிலிருந்து எடுக்கும் வேகமும் ஆகும்.

சரளத்தின் கூறுகள்

ஆய்வுகளில் பேச்சுச் சரளம் பெரும்பாலும் மூன்று கூறுகளாக அளக்கப்படுகிறது.

வேகம்: ஓர் அசையை ஒலிக்க ஆகும் சராசரி நேரம்.
தடங்கல்: இடைநிறுத்தங்களின் எண்ணிக்கை, நீளம், இடம்.
திருத்தம்: சொன்னதைத் திரும்பச் சொல்லுதல், மாற்றிச் சொல்லுதல்.

இடைநிறுத்தத்தின் இடம் முக்கியமானது. தாய்மொழியாளரும் நிறுத்தி நிறுத்தியே பேசுகின்றனர். ஆனால் பெரும்பாலும் ஒரு தொடர் முடியும் இடத்தில் நிறுத்துகின்றனர். இரண்டாம் மொழியாளர் தொடரின் நடுவிலும் அடிக்கடி நிறுத்துகின்றனர். இது பெரும்பாலும் சொல் தேடுவதன் அடையாளம் எனக் கருதப்படுகிறது.

டச்சு மொழி ஆய்வுகள்

நிவ்யா டி யோங்கும் பிறரும் 2013 இல் வெளியிட்ட ஆய்வில், டச்சு மொழியை இரண்டாம் மொழியாகக் கற்ற 179 பேர் பங்கேற்றனர். அவர்களுடைய சொல்லறிவு, இலக்கண அறிவு, படத்தைக் கண்டு பெயர் சொல்லும் வேகம் போன்றவை தனித்தனியே அளக்கப்பட்டு, பேச்சுடன் ஒப்பிடப்பட்டன. அசையை ஒலிக்கும் நேரத்தில் ஆளுக்கு ஆள் காணப்பட்ட வேறுபாட்டில் ஏறத்தாழப் பாதியை இத்திறன்கள் விளக்கின. மாறாக, இடைநிறுத்தங்களின் சராசரி நீளத்துக்கும் இத்திறன்களுக்கும் வலுவற்ற தொடர்பே இருந்தது.

ஆங்கிலம் அல்லது துருக்கியைத் தாய்மொழியாகக் கொண்டு டச்சு கற்றோரை ஆராய்ந்து 2015 இல் வெளிவந்த ஆய்வு, இதற்கு ஒரு விளக்கம் தருகிறது. ஒருவரின் தாய்மொழிப் பேச்சில் உள்ள சரளத்தைக் கொண்டு, அவரது இரண்டாம் மொழிச் சரளத்தை ஓரளவு கணிக்க முடிந்தது. அதாவது, நீண்ட நேரம் நிறுத்திப் பேசுவது சிலருக்கு மொழிக் குறைபாடு அன்று, பேசும் இயல்பு.

வாய்பாட்டுத் தொடர்கள்

ஆண்ட்ரூ பாலி, பிரான்செஸ் சைடர் ஆகியோர் 1983 இல் எழுதிய கட்டுரையில், தாய்மொழியாளர் ஒவ்வொரு வாக்கியத்தையும் சொல் சொல்லாகக் கட்டுவதில்லை என வாதிட்டனர். அவர்கள் ஆயத்தமான பல்லாயிரம் தொடர்களை நினைவில் வைத்துள்ளனர். எடுத்துக்காட்டாக, ஆங்கிலத்தில் "ஆஸ் எ மேட்டர் ஆஃப் ஃபேக்ட்" என்பது ஐந்து சொற்களாயினும், பேசுபவர் அதனை ஒரே அலகாக எடுக்கிறார். இதனால் சொல் தேடும் வேலை குறைகிறது.

கற்பித்தலில் பயன்பாடு

சரளத்தை வளர்க்கப் பயன்படும் பயிற்சிகளுள் ஒன்று 4/3/2 முறை ஆகும். மாணவர் ஒரே செய்தியை மூன்று வெவ்வேறு மாணவர்களிடம் முறையே 4, 3, 2 நிமிடங்களில் சொல்ல வேண்டும். கருத்து மாறாததால், ஏற்கனவே அறிந்த சொற்களை விரைவாக எடுப்பதில் கவனம் செல்கிறது. இது புதிய சொற்களைக் கற்பிக்கும் முறை அன்று. சொற்பட்டியலை மனப்பாடம் செய்வது சொல்வளத்தைப் பெருக்கும். பெருகிய சொற்களைப் பேச்சில் எடுத்தாளுவதற்குத் தனிப் பயிற்சி தேவை.

மதிப்பீட்டுச் சிக்கல்கள்

பேச்சுத் தேர்வுகளிலும் நேர்காணல்களிலும் இடைநிறுத்தம் பெரும்பாலும் மொழியறிவின்மையாகக் கொள்ளப்படுகிறது. மேற்கண்ட ஆய்வுகளின்படி எல்லா இடைநிறுத்தங்களும் அத்தகையவை அல்ல. இயல்பாகவே நிதானமாகப் பேசும் ஒருவர், சொல்வளம் மிக்கவராயினும் குறைந்த மதிப்பெண் பெறும் வாய்ப்பு உள்ளது. தேர்வரின் தாய்மொழிப் பேச்சுடன் ஒப்பிட்டு அளப்பது இதற்கு ஒரு தீர்வாக முன்வைக்கப்படுகிறது. ஆனால் பல மொழியினர் எழுதும் பொதுத் தேர்வுகளில் அதனை நடைமுறைப்படுத்துவது கடினம்.