கந்தப்பன் வீட்டுச் சுவடியும் பத்தாம் வகுப்பு நோட்டும்

எங்கள் மாலை வகுப்பில் ஒருநாள் 'பெருமை' அதிகாரத்தின் இரண்டாம் குறளைப் படித்துக்கொண்டிருந்தோம். பிறப்பால் எல்லோரும் சமம் என்ற முதல் பாதி மேடைகளில் கேட்டுக் கேட்டுப் பிள்ளைகளுக்குப் பழகிப்போன ஒன்று. பத்தாம் வகுப்பு மாணவி ஒருத்தி இரண்டாம் பாதியில் நின்றுவிட்டாள். "செய்யுற தொழிலால சிறப்பு மாறும்னா, எங்கம்மா தெரு கூட்டுறாங்களே, அதுக்கு என்ன சிறப்புக்கா?"

கைடில் இருக்கும் பொழிப்புரையில் இந்தக் கேள்விக்கு இடமே இல்லை. "நீயே ஒரு உரை எழுதேன்" என்றோம். "உரையெல்லாம் புலவருங்கதானே எழுதணும்?" என்றாள்.

இந்தத் தயக்கம் அவளோடு பிறந்ததல்ல. எழுத்து நமக்கானதல்ல என்று தலைமுறை தலைமுறையாகச் சொல்லிவைத்ததன் மிச்சம் அது. ஆனால் அந்தச் சொல்லுக்குக் கட்டுப்படாதவர்களும் நம் வரலாற்றில் இருக்கிறார்கள். அவர்களைப் பற்றி முதலில் பிள்ளைகளுக்குச் சொல்ல வேண்டும்.

திருக்குறள் முதன்முதலாகச் சென்னையில் அச்சேறியது 1812-இல். எல்லிஸ் சென்னைக் கலெக்டராக இருந்த காலம் அது. தம் பாட்டனார் கந்தப்பன், ஹாரிங்டன் என்ற ஆங்கிலேயரிடம் பட்லராக இருந்தவர் என்றும், அவர் வழியாகவே திருக்குறள், நாலடி நானூறு சுவடிகள் எல்லிஸ் கைக்குப் போய்ச் சேர்ந்தன என்றும் அயோத்திதாசப் பண்டிதர் எழுதிவைத்திருக்கிறார்.

இதை வெறும் பெருமைக் கதையாகச் சொல்லி முடித்துவிடக் கூடாது. ஓலை தானாக நிலைப்பதில்லை. பூச்சி அரிக்கும், ஓரம் ஒடியும். சில தலைமுறைக்கு ஒருமுறையாவது யாரேனும் எழுத்தாணி பிடித்துப் புது ஓலையில் பெயர்த்து எழுதினால்தான் நூல் பிழைக்கும். ஒரு வீட்டில் குறள் சுவடி இருந்தது என்றால், அதைப் படிக்கத் தெரிந்தவர்கள் அங்கே இருந்தார்கள். அதன் அருமை அறிந்து காத்தார்கள் என்று பொருள். பட்லர் வேலை பார்த்தவரின் வீடு அது என்பதை நாம் மறக்கக் கூடாது.

1845-இல் பிறந்த பண்டிதருக்குப் பெற்றோர் வைத்த பெயர் காத்தவராயன். தமக்குக் கற்பித்த ஆசிரியரின் பெயரையே தம் பெயராக்கிக்கொண்டார். 1907 ஜூன் 19-இல் ராயப்பேட்டையிலிருந்து 'ஒரு பைசாத் தமிழன்' வார இதழைத் தொடங்கினார். விலை பெயரிலேயே இருக்கிறது. அந்த இதழில்தான் குறளுக்குத் தம் உரையை எழுதினார். குறளைத் திரிபீடகத்தோடு இணைத்துத் 'திரிக்குறள்' என்றே அழைத்தார். வள்ளுவரின் பிறப்பைப் பற்றிச் சொல்லப்படும் ஆதி-பகவன் கதை பின்னால் சேர்க்கப்பட்டது என்று வாதிட்டார். உரை முடியுமுன்பே, 1914-இல் காலமானார்.

அவருடைய சொல்விளக்கங்கள் எல்லாவற்றையும் இன்று ஏற்க வேண்டியதில்லை. அவர் கேட்ட கேள்விகள் முக்கியம். இந்தப் பாடம் எங்கிருந்து வந்தது? இந்தக் கதையை யார் சேர்த்தார்கள்? இந்த விளக்கத்தால் யாருக்கு லாபம்? கேட்டதோடு நிற்காமல் எழுதினார், அச்சிட்டார், ஒரு பைசாவுக்கு நம் மக்கள் கையில் கொடுத்தார். வாசிப்பையும் எழுத்தையும் அவர் பிரித்துப் பார்க்கவில்லை.

இன்றைய வகுப்பறையில் இரண்டும் பிரிந்து கிடக்கின்றன. மனப்பாடப் பாடல், அலகிடுதல், பொருள் எழுதுக என்பதோடு குறள் முடிந்துவிடுகிறது. மனப்பாடத்தை நாங்கள் குறை சொல்லவில்லை. நம் பிள்ளைகளுக்கு மதிப்பெண் என்பது அடுத்த படிக்கட்டு; அதை விட்டுவிட்டுப் புரட்சி பேச முடியாது. அதனால் ஒரு வழி வைத்திருக்கிறோம். நோட்டின் இடப்பக்கம் தேர்வுக்கான பொருள். வலப்பக்கம் மாணவரின் சொந்த உரை. அதில் மூன்று கேள்விகளுக்குப் பதில் இருக்க வேண்டும். குறள் என்ன சொல்கிறது? நம் தெருவில் அது உண்மையா? இல்லையென்றால், பிழை குறளிலா, உரையிலா, ஊரிலா? பிழை திருத்தும்போது ரகர றகரத்தைத் திருத்துவோம், வாதத்தில் கை வைக்க மாட்டோம்.

அந்த மாணவி இரண்டு வாரம் கழித்து ஒரு பக்கம் எழுதி வந்தாள். அம்மா விடியுமுன் எழுவதில் தொடங்கியிருந்தாள். ஒருவர் தானே தேர்ந்துகொண்ட தொழிலை வைத்துத்தான் அவருடைய சிறப்பை அளக்க முடியும். அம்மாவின் தொழிலை அம்மா தேர்ந்துகொள்ளவில்லை, ஊர் கொடுத்தது. ஆகவே அந்த அளவுகோல் இங்கே செல்லாது என்று முடித்திருந்தாள். ஒற்றுப்பிழைகள் நிறைய இருந்தன. திருத்திக் கொடுத்தோம். மறுபடி படியெடுத்து எழுதி, கீழே 'உரையாசிரியர்' என்று போட்டுத் தன் பெயரை எழுதினாள்.

மாலை வகுப்பு எடுக்கப் போகும் தோழர்களுக்கு ஒரு வேண்டுகோள். குறளை ஒப்பிக்கச் சொல்லும் நாளிலேயே கந்தப்பன் வீட்டுச் சுவடியைப் பற்றியும் சொல்லுங்கள். பிறகு ஒரு வெள்ளைத்தாளையும் பேனாவையும் கொடுங்கள்.